இஸ்திரி போட்ட குரல்

வெதுவெதுப்பான தண்ணீர் மூன்று மடக்கு. பிறகு கண்ணை மூடி, இடது உள்ளங்கையைத் தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டு "அ, ஆ, இ, ஈ" என்கிறார். கைக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் "அ, ஆ, இ, ஈ." நான்கு எழுத்தும் ஒரே உயரத்தில் வர வேண்டும். ஒன்று கொஞ்சம் ஏறினாலும் முதலிலிருந்து ஆரம்பம். எட்டாவது தடவையில்தான் முகத்தில் திருப்தி தெரிகிறது. கைக்கடிகாரத்தையும் வளையல்களையும் கழற்றிக் கைப்பையில் போடுகிறார். தேர்வு நாளில் சத்தம் போடக்கூடிய பொருள் எதுவும் அவர் உடம்பில் இருக்காது.

"ஈ தான் சார் எனக்கு எதிரி" என்கிறார் என்னிடம். "மத்த மூணும் சொன்ன பேச்சு கேக்கும். ஈன்னு சொன்னா வாய் தானா இளிச்சுக்குது. நான் இளிச்சா பிள்ளைங்க அதான் விடைன்னு போட்டுடும்."

எங்கள் பள்ளியில் இவருக்கு இஸ்திரி அக்கா என்று பெயர். குரலில் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது என்பதால் விளையாட்டு வாத்தியார் வைத்த பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்ததில் கோபமா சந்தோஷமா என்று அந்தக் குரலை வைத்துக்கொண்டு நம்மால் சொல்ல முடியாது.

வேலை, தேர்வு வாசிப்பாளர். வருஷத்துக்கு நான்கு முறை எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நாளில், ஒரே மணிக்கு, ஒரே வினாத்தாளை வைத்துத் தரத் தேர்வு என்று ஒன்று நடக்கும். முதல் மூன்றும் ஒத்திகை, கடைசியில் வருவதுதான் பிள்ளைகளைப் பிரித்துப் போடும் தேர்வு. கண் பார்வை குறைந்த பிள்ளைகளுக்கும், எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கும் வினாத்தாளை ஒருவர் உரக்கப் படித்துக் காட்டலாம் என்று தேர்வு அலுவலகம் பெரிய மனது பண்ணி அனுமதித்திருக்கிறது. படித்துக் காட்டலாம், காட்டிக் கொடுக்கக் கூடாது. அதற்காக இருபத்து மூன்று பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம். புன்னகைக்கக் கூடாது. புருவம் உயரக் கூடாது. ஒரு விடைக்கும் அடுத்த விடைக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி விட வேண்டும். பிள்ளை என்ன கேட்டாலும் பதிலுக்குச் சொல்ல அனுமதி உள்ள வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: "கேள்வியை மறுபடியும் படிக்கட்டுமா?"

வாசிப்பாளரும் பிள்ளையும் அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. சாட்சிக்கு ஒருவர் வேண்டும். அந்தச் சாட்சி நான். பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. எழுதுபொருள் அடுக்கும் அறையைத் தேர்வுக்காகக் காலி செய்து, ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் போட்டு, டிக் டிக் என்கிறதே என்று சுவர்க் கடிகாரத்தையும் இறக்கி வைத்துவிடுவேன். அதற்கப்புறம் எனக்கு இருக்கும் ஒரே வேலை தூங்காமல் இருப்பது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு எண்பது நிமிஷம் முழித்திருந்து பார்த்தால்தான் அது என்ன பாடு என்று புரியும். கடைசியில் படிவத்தில் 'குரல் ஏற்ற இறக்கம்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஆறு வருஷமாக அதே வரியை எழுதிவருகிறேன்.

இதற்கு முன்பு இவர் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவராக இருந்தவர். வண்டி புறப்படுவதையும், இரண்டு மணி நேரம் தாமதமாக வருவதையும், வரவே போவதில்லை என்பதையும் ஒரே குரலில் சொல்வாராம். ஒரு நாள் தேர்வு அலுவலகத்து அதிகாரி ஒருவர் வராத வண்டிக்காக அங்கே உட்கார்ந்திருந்தார். அறிவிப்பைக் கேட்டும் தனக்குக் கோபமே வரவில்லை என்று ஆச்சரியப்பட்டு, நேராகப் போய் வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டுவிட்டார். ஷிஃப்ட் இல்லாத வேலை என்பதால் இவரும் சரி என்றார். தேர்வு இல்லாத நாட்களில் அலுவலகத்தில் எனக்கு ஒத்தாசை.

குரல் பள்ளிக்கூட வாசலோடு நிற்பதில்லை, வீடு வரைக்கும் போகிறது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "நாள் பூரா ஏத்தி எறக்கி பாக்கறதுதான் சார் என் பொழப்பு" என்றார் என்னிடம் ஒரு தடவை. "வீட்டுக்கு வந்தா இவ குரல் கிரவுண்ட் ஃப்ளோர்லயே நிக்குது. கல்யாணமாகி பதினாலு வருஷம் ஆச்சு. இவ கோவமா இருக்காளா இல்லையான்னு தெரிஞ்சுக்க, பாத்திரத்தை எப்படி வைக்கிறான்னுதான் பாக்கணும்." நாத்தனார் ஜன்னல் திரைக்கு இரண்டு துணி எடுத்து வந்து எது நன்றாயிருக்கிறது என்று கேட்டால், "நீலம். பச்சை" என்று இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாராம். "அண்ணிகிட்ட கேக்கறதுக்கு சுவத்துகிட்ட கேக்கலாம்" என்று அந்த அம்மாள் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாளாம்.

ஆனால் தொழில் என்று வந்தால் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றப் பள்ளிகளில் வாசிப்பாளர் மூக்கை உறிஞ்சினால் ஆ, நாற்காலியில் அசைந்தால் இ என்று பிள்ளைகள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடும். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனித்தால்தான் தப்பிக்கலாம் என்று நாமே பழக்கி வைத்திருக்கிறோம். இவரிடம் அந்தப் பருப்பு வேகாது. காரணத்தை ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார். வாசிக்கும்போது விடை எது என்று அவர் யோசிப்பதே இல்லையாம். ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டே வாசிப்பாராம்.

"எனக்கு விடை தெரியக் கூடாது சார். எனக்குத் தெரிஞ்சா தொண்டைக்குத் தெரிஞ்சுடும்."

இந்த வருஷக் கடைசித் தேர்வில் எங்களுக்குக் கிடைத்த பிள்ளை, ஐந்தாம் வகுப்புப் பெண். வகுப்பாசிரியை அவளுக்கு வைத்திருக்கும் பெயர் வக்கீல். எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணை செய்வாள். கெட்டிக்காரி, ஆனால் அச்சடித்த எழுத்து அவளுக்கு நிற்காது. "எறும்பு மாதிரி போகுது டீச்சர்" என்பாள். ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் வினாத்தாளையே முடித்துவிடுவார்கள். போன வருஷம் வாசிப்பாளர் கிடையாது, நூற்றுக்கு முப்பத்தாறு மதிப்பெண். நாற்பதுக்குக் கீழே இரண்டு வருஷம் வாங்கினால் துணைப் பிரிவு என்பது சட்டம். இந்த வருஷம் மருத்துவர் சான்றிதழ் கொடுத்து வாசிப்பாளர் வாங்கியாயிற்று. இந்தத் தடவை நாற்பது வந்தாக வேண்டும்.

துணைப் பிரிவு பின்கட்டிடத்தில் இருக்கிறது. அங்கே ஓவியம் கிடையாது, விளையாட்டு கிடையாது, சோதனைக்கூடம் கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பழைய வினாத்தாள்களை நிரப்புவதுதான் பாடம். தேர்வில் தோற்ற பிள்ளைக்குத் தேர்வையே சாப்பாடாகப் போடும் இந்த யோசனை யாருக்கு முதலில் வந்ததோ, எனக்குத் தெரிந்தால் நாலு வார்த்தை கேட்பேன். அங்கே போன பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பதிவேடு என் கையில்தான் இருக்கிறது, தெரிந்துதான் சொல்கிறேன்.

வக்கீலுக்கு அங்கே போனால் இன்னொன்றும் போய்விடும். பள்ளி மொட்டை மாடியில் மழையளக்கும் பாட்டில் ஒன்று வைத்திருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் காலையில் ஏறிப் போய் அளவு பார்த்து, நோட்டில் நீலக் கோடு போடுவது அவள் பொறுப்பு. எழுத்துக்குப் பதில் கோடு. எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை கட்டம். இரண்டு வருஷத்து மழையையும் அந்த நோட்டில் பார்க்கலாம். அது அறிவியல் வகுப்பின் நோட்டு, துணைப் பிரிவுக்கு அறிவியல் கிடையாது.

தேர்வு அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. வக்கீல் பென்சிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு யோசித்தாள். யோசித்துவிட்டு வட்டத்தைக் கறுப்பாக்கினாள். நடுநடுவே சந்தேகம் கேட்டாள். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் "கேள்வியை மறுபடியும் படிக்கட்டுமா?" என்ற பதில் வந்தது. பதினெட்டாவது கேள்வி வரைக்கும் ஜன்னல் கம்பிகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன.

பத்தொன்பதாவது கேள்வி இது. 'மழை விட்ட பிறகு சிறுவன் வீட்டுக்கு வந்தான். குடையை எங்கோ வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் மனநிலை என்ன? அ. மகிழ்ச்சி. ஆ. வருத்தம். இ. வெட்கம். ஈ. பயம்.'

வக்கீல் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், குடை அவனோடதா, இரவலா?"

"கேள்வியை மறுபடியும் படிக்கட்டுமா?"

"படிங்க டீச்சர். ஆனா அதுல அது இல்லையே. அவனோடதுன்னா வருத்தம். இரவல்னா பயம். அவங்க அப்பாவோடதுன்னா..." கொஞ்சம் யோசித்தாள். "அப்பாவோடதுன்னா வீட்டுக்கே வந்திருக்க மாட்டான் டீச்சர்."

நான் சிரித்துவிட்டேன். சாட்சி சிரிக்கக் கூடாது என்று விதி இல்லை, இருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். இஸ்திரி அக்கா மறுபடியும் கேள்வியைப் படித்தார். மகிழ்ச்சி, வருத்தம், வெட்கம் மூன்றும் வழக்கம்போல் மடிப்புக் கலையாமல் வந்தன. "ஈ" என்றார். பிறகு ஒரு இருமல். சின்ன இருமல்தான். அதற்கப்புறம் "பயம்."

வக்கீலின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. ஈ என்ற வட்டத்தைக் கறுப்பாக்கினாள். மீதி இருபத்தொரு கேள்வியும் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தன. பெண் எழுந்து, நன்றி சொல்லிவிட்டு, ஒரு காலால் தத்திக்கொண்டே வெளியே போனாள். இஸ்திரி அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"சார், அந்தப் படிவத்தைக் கொடுங்க."

"எந்தப் படிவம்கா?"

"குரல் தவறு படிவம்."

அப்படி ஒரு படிவம் இருப்பது எனக்குத் தெரியும். ஆறு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை, இழுப்பறையின் அடியில் கட்டாகக் கிடந்தது. "இருமல்தானே" என்றேன். "மனுஷங்க இரும மாட்டாங்களா?"

"இருமல் இல்ல சார்." தொண்டையில் கையை வைத்துக்கொண்டார். "சிரிப்பு. அப்பாவோடதுன்னா வீட்டுக்கே வந்திருக்க மாட்டான்னு சொன்னாள்ல, நான் கம்பியை விட்டுட்டு அவளைப் பாத்துட்டேன். சிரிப்பு வந்துச்சு. முழுங்கினேன். ஈ கிட்ட வந்து இருமலா வெளிய வந்துடுச்சு."

குரல் தவறு என்று எழுதினால் விடைத்தாள் செல்லாது. விடைத்தாள் செல்லாது என்றால் பூஜ்யம், பூஜ்யம் என்றால் பின்கட்டிடம். இந்தக் கணக்கு எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். "அக்கா, இருமினது யாருக்குத் தெரியும்? உங்களுக்கு, எனக்கு, அந்தப் பொண்ணுக்கு. நாம மூணு பேரும் வாயைத் திறக்கலன்னா முடிஞ்சு போச்சு."

"மூணு பேருக்குத் தெரியுதே சார்" என்றார், அதே குரலில். "அவ தானா ஈ போட்டாளா, நான் இருமினதால போட்டாளா? எனக்குத் தெரியல. இனிமே அவளுக்கும் தெரியாது. நாளைக்கு எந்தப் பரீட்சைக்குப் போனாலும் யாராவது இருமுவாங்களான்னு காதை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. யோசிக்கற பொண்ணு சார் அது."

எழுதினார். 'பத்தொன்பதாம் கேள்வி, ஈ. என்னால் ஒலி எழுந்தது. காரணம்: சிரிப்பு.' சாட்சியின் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இருந்தது. ஒரு குழந்தையின் வருஷத்தை ஒரு இருமலுக்காகக் கிழித்துப் போடுகிறாளே, இவளெல்லாம் ஒரு மனுஷியா என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அன்று அவரிடம் விடைபெறாமலே வீட்டுக்குப் போனேன்.

தலைமையாசிரியை தகவல் சொல்லியனுப்ப, மறுநாளே வக்கீலின் அம்மா வந்துவிட்டாள். ரொட்டி ஆலையில் பாக்கெட் கட்டும் பகுதியில் வேலை. தலைக்கு மாட்டும் வலைத்தொப்பியின் தடம் நெற்றியில் அப்படியே இருந்தது. ஷிஃப்ட் நடுவில் அனுமதி வாங்கி ஓடி வந்திருக்கிறாள். நேராக இஸ்திரி அக்கா முன்னால் போய் நின்றாள்.

"ஒரு இருமலுக்கு என் பொண்ணோட வருஷம் போகணுமா? ராத்திரி பகலா எத்தனை பேர் கால்ல விழுந்து அந்த சர்ட்டிபிகேட்ட வாங்கினேன் தெரியுமா? உங்களுக்கு என்னங்க, நீங்க நேர்மையா இருந்துட்டீங்க. பின்கட்டிடத்துல போய் உக்காரப் போறது யாரு?"

இஸ்திரி அக்கா நின்றார். உதடு இரண்டு தடவை பிரிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது, ஆனால் மன்னிப்புக் கேட்பதற்குக் குரல் கொஞ்சமாவது இறங்க வேண்டுமே. "தப்பு என்னோடதுதாங்க" என்றார் கடைசியில். பேருந்து நிலையத்து அறிவிப்பு மாதிரியே வந்தது. அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் எங்கள் அலுவலகத்தில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. வக்கீல் மட்டும் வழக்கம்போல் மாடி ஏறி பாட்டிலைப் பார்த்துவந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் படியேறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இஸ்திரி அக்கா எந்த வேலையில் இருந்தாலும் கை நின்றுவிடும். ஒரு நாள் கணவர் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாத்திரமே சத்தம் வரல சார், பயமா இருக்கு" என்றார்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை காலை தேர்வு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான்தான் பிரித்தேன். முதல் வரியில் 'செல்லாது' என்ற வார்த்தையைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன். படித்தவன் எழுந்து தலைமையாசிரியை அறைக்கு ஓடினேன். எனக்கு இருக்கும் தொந்திக்கு ஓட்டம் என்பது பெரிய வார்த்தை, இருந்தாலும் ஓடினேன்.

விஷயம் இதுதான். விடைத்தாள் செல்லாது. ஆனால் தவறு பெரியவர்களுடையது என்று அவர்களே எழுதிக் கொடுத்திருந்தால் பிள்ளைக்குப் பூஜ்யம் போடக் கூடாது. அதற்குப் பதில், வகுப்பாசிரியையின் வருஷம் முழுவதற்குமான குறிப்பையும், இரண்டு ஆசிரியர்கள் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிப் பார்த்ததையும் வைத்து முடிவு செய்ய வேண்டும். விதிப் புத்தகம், பத்தொன்பதாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. புத்தகம் ஆறு வருஷமாக என் மேசையில்தான் இருக்கிறது, டீ தம்ளரை அதன் மேல்தான் வைப்பேன். பத்தொன்பதாம் பக்கத்தை நானும் திருப்பியதில்லை, வேறு யாரும் திருப்பியதில்லை. தன் தவறைத் தானே எழுதிக் கொடுத்த வாசிப்பாளர் இதுவரை ஒருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமை அதே எழுதுபொருள் அறையில் மேசை போட்டேன். சாட்சி தேவையில்லை என்றார்கள். நான் கதவுக்கு வெளியே அலமாரியில் இல்லாத கோப்பு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் என்றது ஒன்றே முக்கால் மணி நேரம் போயிற்று. வக்கீல் மழை நோட்டை விரித்து வைத்துக்கொண்டாள். எந்த மாதம் அதிகம், ஏன் அதிகம், பாட்டில் வாய் அகலமாக இருந்தால் தண்ணீர் அதிகம் விழுமே, அப்போது அளவு தப்பாகிவிடாதா என்று அவளே கேட்டு அவளே பதில் சொன்னாள். பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்த ஆசிரியர் ஒரு கட்டத்தில், "இரும்மா, இப்ப நாங்க உன்னைக் கேக்கறோமா, நீ எங்களைக் கேக்கறியா?" என்றார். பத்தொன்பதாம் கேள்வியையும் கேட்டார்கள். "குடை யாரோடதுன்னு முதல்ல சொல்லுங்க" என்றாள். அன்று கேட்டதையே கேட்கிறாள். அவளுக்கு அந்த இருமல் காதிலேயே விழவில்லையோ என்னவோ.

'அதே வகுப்பில் தொடரலாம். அச்செழுத்தைத் தவிர வேறு எதிலும் பின்தங்கியவர் அல்லர்' என்று இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பது வட்டத்துக்குள் அடங்காத ஒன்று இரண்டு வரியில் அடங்கிவிட்டது. அந்தத் தாளை நகலெடுக்கும்போது இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நான்கு வாரம் கழித்து அன்றைக்குத்தான் மதியச் சாப்பாடு ருசித்தது.

சாயங்காலம் அந்த அம்மாள் வந்தாள். தாளை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு அலுவலகப் படியில் அப்படியே உட்கார்ந்து, வேலைக்குப் போகும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தில் இஸ்திரி அக்கா வந்து நின்றார்.

"அன்னிக்கு கல்லுன்னு சொல்லிட்டேன்" என்றாள் அம்மாள்.

"பரவால்லைங்க. வீட்லயும் அப்படித்தான் சொல்றாங்க."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இவர் நகைச்சுவையாகச் சொன்னாரா உண்மையைச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

இஸ்திரி அக்காவுக்கும் ஒரு உத்தரவு வந்திருந்தது. இனிக் கவனமாக இருக்க வேண்டும். மூன்று மாதம் வாசிப்புப் பணி கிடையாது, அதுவரை பள்ளி நூலகத்தில் உதவியாக இருக்கலாம். நான் அதை வாசித்துக் காட்டியதும் நேரே என் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசம் நான் எப்படி வேணாலும் பேசலாமா சார்?"

"தாராளமா பேசுங்க அக்கா."

"எப்படி வேணாலும்?"

"பாட்டே பாடுங்க" என்றேன்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நூலகத்தில் சின்னப் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து ராட்சசன் கதை ஒன்றை வாசித்தார். ராட்சசன் மலையிலிருந்து இறங்கியதும், ஊரே ஓடியதும், கிணறு வற்றியதும் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தன. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, "டீச்சர், இதுல விடை எது?" என்றான். ஏழு வயது. கதை கேட்டால் விடை சொல்ல வேண்டும் என்று அதற்குள் கற்றுக்கொடுத்துவிட்டோம். அவனைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

போன புதன்கிழமை பதிவேடு கேட்டு நூலகத்துக்குப் போனபோது அதே கதை மறுபடியும் நடந்துகொண்டிருந்தது. வக்கீல் மழை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தாள். "ராட்சசன், யார் என் தோட்டத்தில் என்று கேட்டான்" என்று இஸ்திரி அக்கா வாசித்தார்.

"டீச்சர்" என்றாள் வக்கீல். "அவன் கோவமா கேட்டானா, பயந்துபோய்க் கேட்டானா? நீங்க படிக்கறத வச்சு ஒண்ணுமே தெரியல."

"கேள்வியை மறு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தன. அவர் புத்தகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நூலகத்து ஜன்னலில் கம்பி கிடையாது. இடது கை பழக்கத்தில் தொண்டையை நோக்கி எழுந்தது. பாதி வழியில் நின்றது. அப்புறம் அந்தக் கை தொண்டையைத் தாண்டி, முகத்தைத் தாண்டி, வளையலெல்லாம் முழங்கைக்குச் சரசரவென்று சரிய, தலைக்கு மேலே எட்டிய மட்டும் உயர்ந்து, ராட்சசன் எவ்வளவு உயரம் என்று காட்டியது.